வீட்டு வைஃபையில் 2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைஃபை பட்டியலில் எங்கள் ரௌட்டரின் பெயர் இரண்டு முறை வருகிறது. ஒன்றின் வாலில் "5ஜி" என்று இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு இணைப்பா?

வீட்டுக்குள் வரும் இணைய இணைப்பு ஒன்றுதான். அதை ரௌட்டர் இரண்டு ரேடியோக்கள் மூலம் ஒரே நேரத்தில் பரப்புகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், மற்றது 5 கிகாஹெர்ட்ஸில். எதில் சேர்ந்தாலும் அதே இணையம்தான். வேகமும் எட்டும் தூரமும் மாறும். புதிய ரௌட்டர்கள் சிலவற்றில் 6 கிகாஹெர்ட்ஸுக்கு மூன்றாவது ரேடியோவும் உண்டு.

அந்த "5ஜி" நிறையப் பேரைக் குழப்புகிறது. கைபேசி நிறுவனங்கள் சொல்லும் 5ஜி என்பது ஐந்தாம் தலைமுறைக் கைபேசிச் சேவை. ரௌட்டர் பெயரில் இருப்பது வெறும் கிகாஹெர்ட்ஸின் சுருக்கம். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் கிடையாது. 4ஜி மட்டும் உள்ள பழைய போன்களில் பலவும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் தாராளமாகச் சேரும்.

2.4, 5, 6 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

ரேடியோ அலை ஒரு வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 240 கோடி அதிர்வுகள். அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அலைநீளம் ஐந்தரை செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும்.

வீட்டில் உட்கார்ந்து பயன்படுத்துபவருக்கு இதைவிட முக்கியமானது, ஒவ்வொரு அலைவரிசையிலும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி 5150-இல் தொடங்கி 5850 வரை போகிறது. நடுவில் கொஞ்சம் விட்டுவிட்டாலும் சுமார் 580 மெகாஹெர்ட்ஸ் தேறும். 6 கிகாஹெர்ட்ஸில், அமெரிக்கா 2020-இல் 5925 முதல் 7125 வரை முழு 1200 மெகாஹெர்ட்ஸையும் திறந்துவிட்டது. ஐரோப்பா அதன் கீழ்ப்பகுதியில் 480 மெகாஹெர்ட்ஸை மட்டும் தந்தது. எவ்வளவு கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

2.4-க்கு ஏன் இவ்வளவு குறுகிய இடம் என்றால், அது வைஃபைக்காக ஒதுக்கப்பட்டதே இல்லை. தொழிற்சாலை, மருத்துவக் கருவிகள், சூடாக்கும் அடுப்புகள் என்று இரைச்சல் கிளப்பும் சாதனங்களுக்கு 1947-இல் ஒதுக்கிவைத்த ஓரம் அது. அங்கே உரிமம் இல்லாமல் தகவல்தொடர்பும் நடத்தலாம் என்று அமெரிக்கா 1985-இல் அனுமதித்தது. அந்த அனுமதியில்தான் வைஃபை பிறந்தது.

சரி, எது வேகம்?

பக்கத்திலிருந்தால் 5. அதில் சந்தேகமே வேண்டாம். 6 இன்னும் வேகம்.

காரணம், மேலே சொன்ன இடவசதி. ஒரு சேனல் (அலைவரிசைக்குள் ஓர் இணைப்பு பிடித்துக்கொள்ளும் துண்டு) எவ்வளவு அகலமோ அவ்வளவு தகவல் அதில் போகும். 2.4-இல் உருப்படியாகப் பயன்படுத்தக்கூடிய அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5-இல் 80 சர்வ சாதாரணம். இரண்டு ஆண்டெனா உள்ள ஒரு போனுக்கு 2.4-இல் வைஃபை 4 முறையில் (வைஃபை 4, 5 என்பவை வைஃபையின் தலைமுறைகள்) 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் கிடைக்கும் உச்ச இணைப்பு வேகம் வினாடிக்கு 144 மெகாபிட். அதே போன் 5-இல் வைஃபை 5 முறையில், 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில், 866 மெகாபிட் வரை போகும். இவை போனுக்கும் ரௌட்டருக்கும் நடுவே பேசிக்கொள்ளும் வேகங்கள். கையில் வந்து சேருவது பெரும்பாலும் இதில் பாதியோ கொஞ்சம் கூடுதலோதான், ஏனென்றால் வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அனுப்ப முடியும். ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் "வந்துவிட்டது" என்ற பதில் வேறு போக வேண்டும்.

உங்கள் இணையத் திட்டமே 40 மெகாபிட் என்றால், நெரிசல் இல்லாத 2.4-இலும் அது முழுதாக வந்துவிடும். 300 மெகாபிட் திட்டத்துக்குக் காசு கட்டிவிட்டு போனை 2.4-இல் வைத்திருந்தால்தான் நஷ்டம். "நெட்காரர் ஏமாற்றுகிறார்" என்ற புகார்களில் கணிசமான பங்கு இந்த ஒரு காரணத்தால் வருகிறது என்பது என் எண்ணம்.

அப்படியானால் இரண்டு சுவர் தாண்டியதும் 5 ஏன் செத்துவிடுகிறது?

இரண்டு காரணங்கள். முதலாவது, அலைநீளம் பாதியானால் அதற்குரிய ஆண்டெனாவும் சிறுத்துவிடும். சின்ன ஆண்டெனா காற்றிலிருந்து பிடிக்கும் ஆற்றலும் குறைவு. அதே சக்தியில் அனுப்பினாலும், அதிர்வெண் இரட்டிப்பானால் அதே தூரத்தில் கைக்கு வருவது நான்கில் ஒரு பங்கு. நடுவில் சுவரே இல்லாவிட்டாலும் இது உண்டு.

இரண்டாவது சுவர். ஜிப்சம் பலகை, மரக்கதவு, சாதாரணக் கண்ணாடி இவையெல்லாம் எந்த அலைவரிசையையும் பெரிதாகத் தடுப்பதில்லை. செங்கல் தடுக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் நன்றாகவே தடுக்கும், அதிலும் 5-ஐ இன்னும் கூடுதலாக. இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு, நீர் நிறைந்த மீன்தொட்டி இவற்றுக்குப் பின்னால் ரௌட்டரை வைத்துவிட்டு அலைவரிசையைக் குறை சொல்வதில் பயனில்லை.

இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைத் தடுக்கும் அதே சுவர், பக்கத்து வீட்டு 5 கிகாஹெர்ட்ஸையும் உள்ளே விடுவதில்லை. 2.4 தூரம் போகும் என்பது நல்ல குணம்தான். ஆனால் மேல்மாடி, கீழ்மாடி, எதிர்வீடு என்று எல்லாருடைய 2.4-உம் அதே குணத்தோடு உங்கள் வீட்டுக்குள் வந்து நிற்கும். அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கு 5-இன் குறைபாடே அதன் பெரிய சலுகை.

போனில் சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கின்றன, ஆனால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஏன்?

ரௌட்டரின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் அந்தக் கோடுகள் சொல்லும். அந்தச் சேனலில் எத்தனை பேர் முண்டியடிக்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

ஒரே சேனலில் இருக்கும் எல்லாச் சாதனங்களும் நேரத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பக்கத்து வீட்டுச் சாதனமானாலும் கணக்கு அதேதான். அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றும் காது கொடுத்துக் கேட்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். இதில் மெதுவான சாதனம் செய்யும் சேதம் அதிகம். மூலையில் பலவீனமான சிக்னலில் தொங்கும் ஒரு பழைய கேமரா, புதிய போன் கண் சிமிட்டும் நேரத்தில் அனுப்பிவிடும் தகவலை அனுப்பப் பல மடங்கு நேரம் எடுக்கும். அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

இதைச் சோதிப்பது சுலபம். கோடுகள் முழுசாக இருக்கும் அதே இடத்தில் நின்று போனை 5-க்கு மாற்றிப் பாருங்கள். கோடு ஒன்று குறைந்து வேகம் கூடினால், பிரச்சினை நெரிசல்தான். அதற்கும் அசையவில்லை என்றால் சந்தேகம் வெளியிலிருந்து வரும் இணைப்பின் மேல் போக வேண்டும். லேப்டாப்பைக் கேபிளில் நேராக ரௌட்டரில் செருகிப் பார்த்தால் அதுவும் தெளிவாகிவிடும்.

2.4-இல் எந்தச் சேனலை வைப்பது? பக்கத்து வீட்டார் எல்லாரும் 1-இலும் 6-இலும் இருப்பதால் நான் 3-ஐத் தேர்ந்தெடுத்தேன். சரிதானே?

யோசித்தால் சரி என்றுதான் படும். ஆனால் 3 ஒரு மோசமான தேர்வு.

2.4-இல் பெரும்பாலான நாடுகளில் 13 சேனல்கள், அமெரிக்காவில் 11. ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆனால் ஒரு வைஃபை இணைப்பு பிடிக்கும் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ஆக நீங்கள் 3-இல் இருந்தால் 1 முதல் 5 வரை உங்கள் உடம்பு பரவிக் கிடக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 மூன்றுதான்.

இங்கேதான் நுட்பம். நீங்களும் பக்கத்து வீட்டாரும் இருவரும் 1-இல் இருந்தால், இரண்டு ரௌட்டர்களுக்கும் ஒன்றன் பேச்சு மற்றதற்குப் புரியும். முறைவைத்துக்கொள்ளும். வேகம் பங்காகும், ஆனால் தகவல் கெடாது. நீங்கள் 3-இல் உட்கார்ந்தால், 1-இல் இருப்பவர் பேசுவது உங்களுக்குப் பேச்சாகக் கேட்காது. ஒரே அறையில் வரிசையாகப் பேசுபவர்களைப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த அறையில் ஓடும் கிரைண்டர் சத்தத்தோடு முறைவைத்துக்கொள்ள முடியாது இல்லையா, அந்த மாதிரி. தகவல் துண்டுகள் கெட்டுப்போய், திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும். போதாததற்கு 1-இல் இருப்பவர், 6-இல் இருப்பவர் இருவரையும் நீங்கள் சேர்த்துக் கெடுக்கிறீர்கள்.

சிலர் 1, 5, 9, 13 என்று நான்காகப் பிரிக்கலாம் என்பார்கள். கணக்குப்படி முடியும். சுற்றியுள்ள எல்லாரும் அப்படியே பிரித்துக்கொண்டால் மட்டும். எல்லாரும் 1, 6, 11-இல் இருக்கும்போது நீங்கள் மட்டும் 5-இலோ 9-இலோ உட்கார்வது பழைய கதைதான். ஆகவே ஒரு வைஃபை ஸ்கேனர் செயலியை போட்டுப் பார்த்து, 1, 6, 11-இல் எதில் கூட்டம் குறைவோ, எதில் மற்றவர்களின் சிக்னல் பலவீனமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ரௌட்டர் அமைப்பில் 2.4-இன் சேனல் அகலம் 40 என்று இருந்தால் 20-ஆக்கிவிடுங்கள். 40 என்பது அந்த 83.5-இல் பாதியை ஒரே வீடு வளைத்துக்கொள்வது. நெரிசலான இடத்தில் உங்களுக்கும் லாபமில்லை.

மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது நெட் விட்டுவிட்டு வருகிறது. கற்பனையா?

நிஜம்தான். அந்த அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில், அதாவது 2.4 வைஃபையின் நட்டநடுவில். அடுப்பின் கூட்டுக்குள் இருப்பது நூற்றுக்கணக்கான வாட். வைஃபையின் சக்தி ஒரு வாட்டின் சிறு பகுதி. கூட்டிலிருந்து பாதுகாப்பு வரம்புக்கு உள்ளேயே கசியும் துளி கூட வைஃபைக்குப் பெரிய கூச்சல். (நீர் மூலக்கூறு 2.45-இல்தான் ஒத்ததிர்வு அடைகிறது என்று பள்ளிக்கூடக் கட்டுரைகளில் வருவது தவறு. நீர் அதிகம் உறிஞ்சுவது இதைவிடப் பல மடங்கு உயர்ந்த அதிர்வெண்ணில்.)

புளூடூத்தும் இதே பகுதியில்தான் இருக்கிறது. ஆனால் அது வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை இடம் மாறிக்கொண்டே இருக்கும், வைஃபை இருக்கும் இடத்தைத் தவிர்க்கவும் தெரியும். அதனால் தொல்லை குறைவு. எதிர்பாராத குற்றவாளி யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். அதன் கேபிளும் செருகுமிடமும் 2.4 பகுதியில் இரைச்சல் கிளப்பும். டிஸ்க்கை ரௌட்டரின் முதுகிலோ லேப்டாப்பின் ஓரத்திலோ செருகியதும் 2.4 படுத்துவிட்டால் அதுதான் காரணமாக இருக்கலாம். கேபிளை நீட்டித் தள்ளிவையுங்கள், அல்லது 5-க்கு மாறுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் பெயர் சில சமயம் பட்டியலிலிருந்தே காணாமல் போய், ஒரு நிமிடம் கழித்து வருகிறது. ரௌட்டர் பழுதா?

பழுதாக இருக்க வேண்டியதில்லை. ரேடாராக இருக்கலாம்.

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ராணுவ, வானிலை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்பட்டவை. அங்கே முன்னுரிமை ரேடாருக்கு. இந்தச் சேனல்களைப் பயன்படுத்தும் ரௌட்டர் முதலில் 60 வினாடி வாய் திறக்காமல் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் வானிலை ரேடாருக்கான சில சேனல்களில் 10 நிமிடம். பிறகும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரேடார் போல ஏதாவது காதில் விழுந்தால் சில வினாடிகளில் இடத்தைக் காலிசெய்துவிட்டு வேறு சேனலுக்குப் போக வேண்டும். புதிய இடமும் அதே வகையாக இருந்தால் மறுபடி 60 வினாடி மௌனம். நீங்கள் பார்ப்பது அந்த மௌனத்தைத்தான். ரேடாரே இல்லாமல், வேறு இரைச்சலை ரேடார் என்று நினைத்து ஓடும் ரௌட்டர்களும் உண்டு.

அடிக்கடி நடந்தால் 36, 40, 44, 48 என்ற கீழ்ச்சேனல்களிலோ, அனுமதி உள்ள நாட்டில் 149-க்கு மேலோ நிலைநிறுத்திவிடுங்கள். விமான நிலையத்துக்கோ துறைமுகத்துக்கோ அருகில் இல்லாதவர்களுக்கு அந்த நடுச்சேனல்கள் ஒரு வரம் என்பதையும் சொல்ல வேண்டும். சேனலைத் தானே தேர்ந்தெடுக்கும்படி விட்ட ரௌட்டர்கள் பல அவற்றைத் தவிர்ப்பதால் அங்கே கூட்டம் குறைவு.

சேனல் அகலத்தை 160 ஆக்கினால் வேகம் இரட்டிக்குமா?

பக்கத்திலேயே இருந்து, சாதனமும் 160-ஐ ஆதரித்தால் கிட்டத்தட்ட ஆம். ஆனால் 5-இல் 160 வைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ரேடார் சேனல்களைத் தொட்டே ஆக வேண்டும். அகலம் இரட்டித்தால் இரைச்சலும் இரட்டிக்கும், எட்டும் தூரம் குறையும். 80-இல் விட்டுவிடுவதே நிம்மதி.

இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைப்பதா, தனித்தனிப் பெயரா?

ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தால் எதில் சேர்வது என்பதைச் சாதனமே முடிவுசெய்யும். ரௌட்டர் அதை 5 பக்கம் மெல்லத் தள்ளிவிடப் பார்க்கும். ஆனால் கடைசி முடிவு போனுடையது. சில போன்கள் இதில் பிடிவாதக்காரர்கள். தூரத்து அறையில் 2.4-இல் ஏறியவை ரௌட்டரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகும் இறங்காது. வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

நடமாடிக்கொண்டே பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரே பெயர்தான் வசதி. ஸ்மார்ட் பல்பு, பிளக், வாசல் மணிக் கேமரா அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் என் யோசனை வேறு. இவற்றில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே தெரிந்தவை. அனுப்புவது சொற்பத் தகவல், வேண்டியது தூரம், சிப்பும் மலிவாக இருக்க வேண்டும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். இவற்றை முதலில் இணைக்கும்போது போன் 5-இல் இருந்தால் செயலி சுற்றிச் சுற்றித் தோற்பது உண்டு. பல ரௌட்டர்களில் 2.4-க்கு மட்டும் இன்னொரு பெயர், அல்லது விருந்தினர் இணைப்பு வைக்க முடியும். பல்புகளை அதில் ஏற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. 2.4-ஐயே அணைத்துவிடும் ஆர்வக்கோளாறு வேண்டாம், பல்பெல்லாம் அநாதையாகிவிடும்.

வைஃபை 6 ரௌட்டர் வாங்கினால் 6 கிகாஹெர்ட்ஸ் கிடைத்துவிடும் அல்லவா?

கிடைக்காது. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வைஃபை 4, 5, 6, 7 என்பவை தலைமுறைகள். கிகாஹெர்ட்ஸ் என்பது அலைவரிசை. 2009-இல் வந்த வைஃபை 4, 2.4 மற்றும் 5 இரண்டிலும் உண்டு. வைஃபை 5 வெறும் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும். ஆகவே "வைஃபை 5 ரௌட்டர்" என்று விற்பது 2.4-இல் பழைய வைஃபை 4-ஐத்தான் ஓட்டுகிறது. வைஃபை 6 மறுபடி 2.4, 5 இரண்டுக்கும். 6 கிகாஹெர்ட்ஸையும் சேர்த்ததற்குப் பெயர் வைஃபை 6இ. வைஃபை 7 மூன்றையும் பயன்படுத்தத் தெரிந்தது, ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளில் இணைந்திருக்கவும் முடியும். ஆனால் அதிலும் மலிவான மாடல்கள் சில 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இல்லாமல் வருகின்றன. பெட்டியில் "மூன்று பேண்ட்" (அலைவரிசை) என்று இருந்தாலும் போதாது: ஒரு 2.4, இரண்டு 5 என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம். 6 கிகாஹெர்ட்ஸ் என்ற சொல்லையே தேடுங்கள்.

6 கிகாஹெர்ட்ஸ் இப்போது தேவையா?

உங்கள் போன், லேப்டாப் அதை ஆதரிக்காவிட்டால் தேவையே இல்லை. ஆதரித்தால், அதன் அழகு வேகத்தைவிட அமைதியில் இருக்கிறது. பழைய சாதனம் ஒன்றுகூட உள்ளே வர முடியாது; டபிள்யூபிஏ 3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை கட்டாயம்; ரேடாருக்காகக் காத்திருப்பதும் இல்லை. வீட்டுக்குள் குறைந்த சக்தியில்தான் இயக்க வேண்டும் என்ற விதியால் சுவரைத் தாண்டுவது 5-ஐவிடக் கடினம். ரௌட்டர் இருக்கும் அறைக்கும் அடுத்த அறைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசி அறைக்கு 5 எட்டவில்லை. ரிப்பீட்டர் வாங்கலாமா?

முதலில் ரௌட்டரை நகர்த்திப் பாருங்கள். வாசலோர மூலையில், தரையில், டிவிக்குப் பின்னால் இருப்பதை வீட்டின் நடுவில் ஆள் உயரத்தில் வைத்தாலே பல வீடுகளில் வேலை முடிந்துவிடும். சிக்னலை அளக்கும் செயலியில் எதிர்மறை எண் வரும்: மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குப் போதும், மைனஸ் 80 என்றால் இருந்தும் இல்லாதது போல.

அதற்கும் சரிவராவிட்டால் ரிப்பீட்டர். ஆனால் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் மலிவு ரகத்தில் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். சிக்னல் செத்த அறைக்குள் அதை வைப்பதும் வீண். நல்ல சிக்னல் முடியும் இடத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். கேபிள் இழுக்க வழி இருந்தால், இழுத்து இரண்டாவது ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்டாக (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக) வைப்பதை, கேபிள் இல்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் எந்த மெஷ் பெட்டியும் வெல்லாது. அசையாத டிவிக்கும் மேசைக் கணினிக்கும் நேராகக் கேபிளே போட்டுவிட்டால், காற்றில் உள்ள இடம் போன்களுக்கு மிஞ்சும்.

5 கிகாஹெர்ட்ஸ் உடம்புக்குக் கூடுதல் கெடுதலா?

2.4, 5, 6 மூன்றுமே அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க முடியாத வகை. அதற்கு இவற்றைவிடப் பல லட்சம் மடங்கு உயர்ந்த அதிர்வெண் வேண்டும், புற ஊதாக் கதிரின் மேல்பகுதியோ அதற்கும் மேலோ. ரௌட்டரின் சக்தியும் சொற்பம், ஐரோப்பாவில் 2.4-க்கு வரம்பு 100 மில்லிவாட்.

ரௌட்டர் அமைப்பில் நாட்டின் பெயரை மாற்றினால் கூடுதல் சேனலும் சக்தியும் கிடைக்குமாமே?

சில ரௌட்டர்களில் கிடைக்கும். செய்யாதீர்கள். உங்கள் நாட்டில் அந்தச் சேனல் வேறு யாருக்காவது ஒதுக்கப்பட்டிருக்கலாம். சட்டப்படி குற்றமும் ஆகும். பயனும் குறைவு. போன் தன் சொந்த நாட்டு விதிப்படிதான் நடக்கும், ஆகவே நீங்கள் தேர்ந்த சேனலை அது பார்க்காமலே போகலாம். ரௌட்டரின் சக்தியைக் கூட்டினாலும் போனின் சக்தி கூடப்போவதில்லை. ரௌட்டர் கத்துவது போனுக்குக் கேட்கும், போன் பதில் சொல்வது ரௌட்டருக்கு எட்டாது. கோடுகள் மட்டும் முழுசாகக் காட்டும்.